ஏர்த் கம்பி அடித்தால் மட்டும் போதுமா?

புது வீட்டுக்கு வயரிங் முடிந்து, ஃபேன், லைட் எல்லாம் மாட்டி, மின்சார சபைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிற நேரத்தில்தான் பலருக்கு ஏர்த் கம்பியின் நினைவு வரும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத்தில் அந்தக் கம்பியை அடிப்பது லேசான வேலை இல்லை. ஐந்தடிக் கம்பியின் முதல் இரண்டு அடி செம்பாட்டு மண்ணுக்குள் சுகமாக இறங்கும். பிறகு ‘டங்’ என்று ஒரு சத்தம். சுண்ணக்கல். அதற்குமேல் எவ்வளவு அடித்தாலும் கம்பியின் தலை நசிந்து விரியுமே தவிர, அடி நகராது. அப்போது இரும்பு வாளை எடுத்து மிச்சத்தை அறுத்துவிட்டு, தலை மட்டும் அரையடி வெளியே தெரியக் கிளாம்ப் பூட்டி வயரைக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஐந்தடியும் உள்ளே இருப்பதுபோலத்தான் தெரியும்.

அறுத்தது பிழைதான். ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்று நம்மிடையே பரவலாக இருக்கிறது. கம்பியை நிலத்தில் அடித்துவிட்டால் ஒழுகும் கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும், தொடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அது. யாழ்ப்பாணத்து நிலத்தில், கம்பி மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்யாது. ஐந்தடி இறங்கினாலும் செய்யாது, பத்தடி இறங்கினாலும் செய்யாது. ஏன் என்று விளங்க வேண்டுமானால், கரண்ட் எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

வீதியோரத்து டிரான்ஸ்போமரிலிருந்து நம் வீட்டுக்கு வருவது இரண்டு கம்பி: கரண்ட் வருகிற பேஸ், அது திரும்புகிற நியூட்ரல். (மூன்று பேஸ் எடுத்த வீடென்றால் நான்கு.) ஏர்த் கம்பி மின்சார சபையிடமிருந்து வருவதில்லை. இலங்கையில் வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் முறையில், டிரான்ஸ்போமரின் நியூட்ரலை அங்கே ஒரு இடத்தில் நிலத்தோடு இணைக்கிறார்கள்; வீட்டுக்காரர் தன் வளவுக்குள் தனக்கென்று ஒரு கம்பி அடித்துக்கொள்கிறார். இரண்டுக்கும் இடையில் இருப்பது வெறும் மண்ணும் கல்லும். கிணற்றடி மோட்டருக்குள் பேஸ் வயர் தோல் உரிந்து இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டர் உடம்பிலிருந்து ஏர்த் வயர் வழியாக நம் கம்பிக்கு, கம்பியிலிருந்து நிலத்துக்கு, நிலத்தினூடாக டிரான்ஸ்போமர் கம்பிக்கு என்று கரண்ட் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில் உள்ள தடைதான் எவ்வளவு கரண்ட் ஓடும் என்று தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். நம் கம்பியின் தடை 30 ஓம். நம் நிலத்தில் இது மிக நல்ல கம்பி. டிரான்ஸ்போமர் பக்கத்துக் கம்பிக்கு 5 ஓம் வைப்போம். 230 வோல்ற்றை 35 ஆல் வகுத்தால் ஆறரை அம்பியர் வரும். வீட்டு போர்ட்டில் இருப்பது 16 அம்பியர் அல்லது 32 அம்பியர் பிரேக்கர், அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற சுவிட்ச். அதற்கு ஆறரை அம்பியர் ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிற மாதிரி, அது அசையாது. 32 அம்பியர் பிரேக்கர் உடனடியாக விழ வேண்டுமானால், குறைந்த கரண்டிலேயே விழுகிற சாதாரண பி வகை ஒன்றுக்குக்கூட 160 அம்பியர் ஓட வேண்டும். அதற்கு முழுச் சுற்றின் தடையும் ஒன்றரை ஓமுக்குள் இருக்க வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் இருக்கிற ஒரு வீட்டு வளவுக்குள் ஒன்றரை ஓம் என்பது நடக்காத காரியம். ஆக, பிரேக்கர் விழாது, ஆறரை அம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டரின் உடம்பில் அப்போது எத்தனை வோல்ற்று? ஆறரையை 30 ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 197. ‘நல்ல ஏர்த்’ இருக்கிற வீட்டில், ஏர்த் வயர் ஒழுங்காகப் பூட்டிய மோட்டரில், 197 வோல்ற்று. ஈரக் காலோடு கிணற்றடியில் நிற்கிறவருக்கு 50 வோல்ற்றுக்கு மேல் போனாலே ஆபத்து.

இந்த இடத்தில்தான் ட்ரிப் சுவிட்ச் வருகிறது. பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்தபடி இருக்கும். போனதில் 30 மில்லி அம்பியர் திரும்பி வரவில்லை என்றால், அது வேறெங்கோ, நிலத்துக்கோ ஒருவரின் உடம்புக்கோ, போகிறது என்று பொருள், உடனே வெட்டிவிடும். 30 மில்லி அம்பியருக்கு 0.3 செக்கனுக்குள்ளும், 150 மில்லி அம்பியருக்கு 0.04 செக்கனுக்குள்ளும் வெட்ட வேண்டும் என்பது அதன் தரவிதி. மேலே பார்த்த ஆறரை அம்பியர் அதற்கு வேண்டியதைவிட இருநூறு மடங்கு. மோட்டர் பழுதான அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்னரே, கரண்ட் நின்றுவிடும்.

ஏர்த் கம்பியின் உண்மையான வேலை இதுதான்: ட்ரிப் சுவிட்சுக்குச் செய்தி சொல்வது. ட்ரிப் சுவிட்ச் இருந்து ஏர்த் இல்லாவிட்டால், மோட்டர் உடம்பு 230 வோல்ற்றோடு சும்மா காத்திருக்கும். ஒருவர் தொட்ட பிறகுதான், அவர் உடம்பினூடாகக் கரண்ட் போய்த்தான், சுவிட்ச் விழும். பெரும்பாலும் உயிர் தப்பும், ஆனால் அடி விழும். மேல்நிலைத் தொட்டிக்கு ஏணியில் நின்றபடி அடி வாங்கினால் விழுந்து செத்தவர் கணக்கில் போகும். ஏர்த் இருந்து ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் 197 வோல்ற்றுக் கதை. இரண்டும் சோடியாக இருந்தால்தான் பலன்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சுக்கு ஏர்த் கம்பியின் தடை மிகக் குறைவாக இருக்க வேண்டியதில்லை. உடம்பில் ஏறும் வோல்ற்று 50ஐத் தாண்டாமலிருக்க, கணக்குப்படி 1,667 ஓம் வரை போகலாம். நம் நாட்டு மின்பொறியியலாளர்கள் பின்பற்றும் பிரித்தானிய வயரிங் விதிகள் 200 ஓமுக்குள் வைத்திருக்கச் சொல்கின்றன. அதைவிடக் கூடிய தடையுள்ள கம்பி, நிலம் காயும்போது எங்கே போய் நிற்கும் என்று நம்ப முடியாது என்பதால். 1,667 எங்கே, பிரேக்கருக்கு வேண்டிய ஒன்றரை எங்கே. சுண்ணக்கல் நிலத்தில் இருக்கிற நமக்கு இந்த வித்தியாசம் ஒரு வரம். ஆகவே காசு அளவாக இருந்தால் முதலில் நல்ல ட்ரிப் சுவிட்சுக்குச் செலவழியுங்கள். மூன்றாவது, நான்காவது கம்பி பிறகு.

ட்ரிப் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால், போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருவதால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வீட்டில் கரண்டும் தண்ணீரும் வெறுங்காலும் ஒன்றாகச் சேருகிற இடம் அதுதான். பழைய வீடுகளில் மோட்டர் பிறகு வந்து சேர்ந்த பொருள். வீட்டுப் பின்பக்கத்துப் பிளக்கிலிருந்து வேலி ஓரமாக, மாமரக் கொப்பில் தொங்கி, கிணற்றுக் கட்டு வரை ஒரு வயர் போகும். அந்த வயரை ஒருமுறை குனிந்து பாருங்கள். பல இடங்களில் அது இரண்டு கோர். பேஸ், நியூட்ரல் மட்டும். மோட்டரின் டெர்மினல் பெட்டிக்குள் ஏர்த் குறியிட்ட ஆணி கறள் பிடித்தபடி வெறுமனே இருக்கும். வீட்டு வாசலில் எவ்வளவு ஆழத்துக்குக் கம்பி அடித்திருந்தாலும் இந்த மோட்டருக்கு ஏர்த் இல்லை. மூன்று கோர் வயர் போட்டிருந்தாலும், நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு மூட்டு இருந்தால் அதையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பச்சை நிற ஏர்த் வயரை மூட்டாமல் வெட்டிவிட்டிருப்பார்கள். மோட்டர் அதில்லாமலும் ஓடும் என்பதால் யாருக்கும் தெரியவராது.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசமானது. ஏர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக் பெட்டிக்குள்ளேயே நியூட்ரலையும் ஏர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. ‘நியூட்ரலும் கடைசியில் நிலத்துக்குத்தானே போகுது’ என்பது அதற்குச் சொல்லப்படுகிற நியாயம். வீதியில் காற்றுக்கோ மரம் விழுந்தோ நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால் என்ன ஆகும்? வீட்டில் எரிகிற ஒரு பல்பினூடாகப் பேஸ் வந்து நியூட்ரலில் நிற்கும். அங்கிருந்து அந்தத் துண்டு வயர் வழியாகக் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மோட்டர் எல்லாவற்றின் உடம்புக்கும் ஏறும். ஒரு பொருளிலும் பழுதில்லை, ஆனால் வீடு முழுக்க இரும்பு எல்லாம் கரண்ட். இந்தத் துண்டு வயர் எங்காவது நிலத்தோடும் தொடுபட்டிருந்தால் ட்ரிப் சுவிட்சும் அடிக்கடி விழும், ஏனென்றால் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு ஏர்த் வழியாகப் போகிறது. அப்போது செய்யப்படுவது என்ன தெரியுமா? ட்ரிப் சுவிட்ச் பழுது என்று சொல்லி அதைக் கழற்றி நேரே இணைத்துவிடுகிறார்கள்.

மாரியிலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தவுடன் ‘ட்ரிப் விழுது, ட்ரிப் விழுது’ என்று வயரிங்காரருக்குத் தொலைபேசி போகும். மதில் மேல் லைட்டுக்குள் தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது மோட்டரின் சுருளில் ஈரம் ஏறியிருக்கும். சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு பிரேக்கராக இறக்கிப் பார்த்தால் எந்த லைன் என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

சோதிப்பது பற்றி. ட்ரிப் சுவிட்சில் ‘டி’ என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சுவிட்ச் விழும். மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் அது சுவிட்சைத்தான் சோதிக்கிறது, ஏர்த்தை அல்ல. அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சிறு தடையினூடாகக் கரண்டைக் குறுக்கே அனுப்பிச் சமநிலையைக் குலைக்கிறது. வளவில் கம்பியே இல்லாத வீட்டிலும் அது அழகாக விழும். இதை அழுத்திக் காட்டிவிட்டு ‘ஏர்த் ஓகே’ என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பல்ப் சோதனை இதைவிடப் பிரபலம். பேஸுக்கும் ஏர்த்துக்கும் இடையில் 60 வாற்று குண்டு பல்பைப் பிடிப்பார்கள்.

“அண்ணை, ஏர்த் பிடிக்குதோ?”

“பிடிக்குது தம்பி, பல்ப் பளிச்செண்டு எரியுது பாரும்.”

60 வாற்று பல்பின் தடையே சுமார் 880 ஓம். கம்பி 20 ஓமாக இருந்தாலும் 100 ஓமாக இருந்தாலும், பல்பு கொஞ்சம் மங்குவதைக் கண் பிடிக்காது. இப்போது எல்ஈடி பல்பை வைத்துப் பார்க்கிறார்கள். அது ஆயிரக்கணக்கான ஓமிலும் எரியும். அதோடு, சோதிக்கிற நேரத்தில் ஏர்த் வயர் எங்கோ விட்டிருந்தால், விட்ட இடம் வரை வீட்டிலுள்ள பச்சை வயர் எல்லாம் பேஸாக மாறும். அந்த நேரம் யாராவது குசினியில் ஃபிரிஜ்ஜைத் தொட்டால்? முறையான சோதனைக்கு ஏர்த் டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. கம்பியிலிருந்து விலகி இரண்டு சிறு முளைகளை நேர்கோட்டில் குத்தி, வெளி முளைக்குக் கரண்ட் அனுப்பி, இடையிலுள்ள முளையில் வோல்ற்று அளந்து ஓமைச் சொல்லும். இடை முளையை முழுத் தூரத்தில் ஏறத்தாழ 62 வீதத்தில் குத்துவது வழக்கம். அளப்பது எப்போது என்பதும் முக்கியம். மார்கழியில் நனைந்த நிலத்தில் எந்தக் கம்பியும் நல்ல கம்பிதான். ஆவணியில், சோளகக் காற்று நிலத்தை உலர்த்தி வைத்திருக்கிற நேரத்தில் அளந்த எண்தான் நம்பக்கூடியது.

இனி மண். நம் குடாநாடு முழுவதும் அடியில் சுண்ணக்கல். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம், மல்லாகம் பக்கம் அதன் மேல் செம்பாட்டு மண் மூடியிருக்கிறது. சில தோட்டங்களில் ஆளளவு ஆழம், சில வளவுகளில் மண்வெட்டி கல்லில் தட்டும். வடமராட்சிக் கிழக்கில் மணல். கரையோரத்தில் உப்பு ஏறிய ஈர நிலம். மின்தடை இந்த ஒவ்வொன்றுக்கும் வேறு. மண்ணின் தடையை ஓம்-மீற்றர் என்ற அலகில் சொல்வார்கள். ஈரக் களி போன்ற மண்ணுக்குச் சில பத்து ஓம்-மீற்றர். காய்ந்த மணலுக்கும் கல்லுக்கும் ஆயிரத்துக்கு மேலும் போகும். ஐந்தடி நீளமும் 16 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள கம்பியின் தடை, மண்ணின் அந்த எண்ணில் பத்தில் ஆறு பங்கு. மண் 100 என்றால் கம்பி 60 ஓம். அதையே இரண்டடியில் அறுத்தால் 125 ஓம், அதாவது இரட்டிப்பு. பத்தடி இறக்க முடிந்தால் 34 ஓம் அளவுக்குக் குறையும். தடிப்பை இரட்டித்தால்? எட்டில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையாது. ஹாட்வெயார் கடையில் தடித்த கம்பியைக் காட்டி விலை சொன்னால், அந்தக் காசுக்கு நீளம் வாங்குங்கள்.

கல் தடுக்கிற இடத்தில் நீளம் கீழே போகாது. பக்கவாட்டில் போகலாமே. இரண்டடி ஆழத்தில் பத்து மீற்றர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி, தடித்த வெற்றுச் செப்புக் கம்பியைப் படுக்க வைத்து, கல் பொறுக்கிய மண்ணால் மூடி இறுக்கினால், அதே மண்ணில் ஐந்தடிக் கம்பியின் தடையில் நாலில் ஒரு பங்குதான் வரும். மேல்மண் கோடையில் காயும் என்பது இதன் குறை. அதற்கு நம் வளவிலேயே பதில் இருக்கிறது. குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் போய்ச் சேருகிற வாழைப்பாத்தி சித்திரை வெயிலிலும் ஈரமாகக் கிடக்கும். வாய்க்காலை அதன் ஓரமாக வெட்டுங்கள். குளிக்கிறவர் நிற்கிற இடத்திலிருந்து சில மீற்றர் தள்ளி இருக்கட்டும். பழுது நேரத்தில் கம்பியைச் சுற்றிய நிலத்திலும் வோல்ற்று ஏறும். செங்குத்தாக இரண்டு கம்பி அடிப்பதென்றால் ஒன்றின் நீளத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் அடித்த இரண்டு கம்பி, ஒரு கம்பியைவிடக் கொஞ்சம்தான் மேல்.

கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்புகிற வழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். உப்பு தடையைக் குறைக்கும், உண்மை. இரண்டு மாரி கழிய அது கரைந்து போய்விடும். போகும்போது கம்பியையும் கிளாம்பையும் அரித்துவிட்டுப் போகும். எங்கே போகிறது? நம் குடிநீர், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிற மெல்லிய நன்னீர்ப் படலம். மேலே ஊற்றுவது கீழே போய்ச் சேர இந்தக் கல் தடை சொல்லாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. குழிக்கு ஏதாவது போட வேண்டுமென்றால் பென்ரனைட் களிமண் கிடைக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், கம்பியை அரிக்காது. ஏர்த் வயரைக் கிணற்றுக்குள் இறக்குகிறவர்களும் உண்டு. தடை குறையும்தான். ஆனால் மோட்டர் பழுதாகி ட்ரிப் விழாத நாளில் வாளியோடு தண்ணீரைத் தொடுபவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கம்பிக்கும் போர்ட்டுக்கும் இடையிலான வயரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு கொண்டது) பிளக்குகளுக்குச் சரி, இதற்கு மெல்லிசு, 7/1.04 ஆவது போடுங்கள், மண்ணுக்குள் போகிற துண்டைப் பைப்பினூடாக விடுங்கள். கிளாம்ப் பித்தளையாக இருக்கட்டும். இரும்பு ஆணியும் செம்பும் சேருகிற இடத்தில், உப்புக் காற்று அடிக்கிற குருநகரிலோ தீவகத்திலோ, இரும்பு கறள் பிடித்துச் சில வருடத்தில் தொடர்பு அற்றுவிடும். தலையை மண்ணால் மூடாமல் மூடி போட்ட ஒரு சிறு சீமெந்துக் குழிக்குள் வைத்தால், வருடத்துக்கொருமுறை திறந்து பார்க்கலாம். வேலை செய்யும்போது மெயின் சுவிட்ச் இறங்கியிருக்க வேண்டும். போர்ட்டுக்குள் கை வைப்பது தெரிந்த வயரிங்காரரின் வேலை.

அண்மைக் காலத்தில் கூடிவந்த சிக்கல் இரண்டு. ஒன்று கூரைச் சோலார். சோலார் போட வருகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு கம்பி அடித்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக் கம்பி இன்னொரு மூலையில். இடி அருகில் பனையில் விழுந்தால் இரண்டு கம்பிக்கும் இடையில் ஆயிரக்கணக்கான வோல்ற்று வித்தியாசம் வரும். சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டருக்குள் அது சந்தித்துக்கொள்ளும். இரண்டையும் தடித்த வயரால் நிலத்துக்கடியில் ஒன்றாக இணைத்துவிட வேண்டும். மற்றது 2022இல் கரண்ட் மணிக்கணக்கில் நின்றபோது பலர் வாங்கிய சிறிய ஜெனரேற்றர். இவற்றில் பலவற்றின் நியூட்ரல் எதனோடும் இணைக்கப்படாமல் மிதக்கிறது. டிரான்ஸ்போமர் நியூட்ரல் நிலத்தோடு இணைந்திருப்பதால்தான் பழுதுக் கரண்டுக்குத் திரும்பும் வழி இருக்கிறது. ஜெனரேற்றரில் அந்த வழி இல்லை. எனவே வீட்டு ட்ரிப் சுவிட்ச் முதல் பழுதைக் கண்டுபிடிக்காது. வீட்டு போர்ட்டுக்கே இணைக்கிறீர்களென்றால், லைனுக்கும் ஜெனரேற்றருக்கும் இடையில் மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பூட்டும்போதே ஜெனரேற்றரின் நியூட்ரலை வீட்டு ஏர்த் கம்பியோடு, ட்ரிப் சுவிட்சுக்கு முன்பக்கத்தில், ஒரே ஒரு இடத்தில் இணைக்கச் சொல்லுங்கள். மின்சார சபை லைன் ஓடும்போது அந்த இணைப்பு விலகியிருக்க வேண்டும். அதனால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற இரண்டு துருவ சேஞ்ச்ஓவர்தான் வாங்க வேண்டும்.